கரையை அப்புறம் பார்க்கலாம், முதலில் வாய்க்காலைப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில், சேர்வராயன் மலையடிவாரப் பக்கம், ஏரியை ஒட்டிய ஒரு நகரில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். குடியிருப்போர் நலச் சங்கம் மாதம் 200 ரூபாய் சந்தா கேட்கிறது. ஏரியைப் பராமரிப்பது அரசின் வேலைதானே, நாங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்? இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், எங்களிடம் அங்கே என்னதான் எதிர்பார்ப்பார்கள்? இதுதான் கேள்வி.

முதலில் சந்தாவைக் கட்டிவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

நான் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களுடையதைப் போன்ற ஒரு நகரில் 22 வருடமாகக் குடியிருக்கிறேன். அதில் 9 வருடம் சங்கத்தின் பொருளாளர். அரசாங்கத்தின் கோடிக் கணக்கையும் பார்த்திருக்கிறேன், ஐம்பது ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கும் பக்கத்து வீட்டுக் கணக்கையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவதில்தான் எனக்குத் தலை நரைத்தது.

அரசின் வேலை என்கிறீர்கள். சரிதான். ஆனால் எந்த அலுவலகத்தின் வேலை? பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்தன. இப்போது அவை நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. ஊர் பெருத்து நகரமானபோது சில ஏரிகள் உள்ளாட்சியின் கைக்குப் போயின. சேலம் மாநகராட்சியானது 1994-ல். ஆனால் நகரத்தோடு ஒட்டிக் கிடக்கும் கன்னங்குறிச்சி தனிப் பேரூராட்சி. ஒரு தெருவைத் தாண்டினால் குப்பை வண்டியின் நிறமே மாறிவிடும். எங்கள் ஏரி ஓர் அலுவலகத்தைச் சேர்ந்தது, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் இன்னொன்றைச் சேர்ந்தது, வாய்க்கால் சாலையைக் கடக்கும் இடத்தில் இருக்கும் சிறுபாலம் மூன்றாவதைச் சேர்ந்தது. சிறுபாலம் அடைத்துக்கொண்டபோது மூன்று இடத்துக்கும் மனு கொடுத்தோம். மூன்றிலிருந்தும் ஏறக்குறைய ஒரே வாசகத்தில் பதில் வந்தது: அது தங்கள் எல்லைக்குள் வராது. அந்த மூன்று கடிதங்களும் எங்கள் சங்க ஃபைலில் இன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், நானே அந்த வாசகத்தைப் பல தடவை எழுதியிருக்கிறேன். எல்லை இல்லாமல் அரசு அலுவலகம் இயங்காது. தண்ணீருக்கு எல்லை கிடையாது. இடையில் விழும் பள்ளத்தில் நிற்பதற்குத்தான் சங்கம்.

அடுத்து, உங்கள் வீடு கரைக்கு எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்லவில்லை. வீடு வாங்குகிறவர்கள் ஏரி தெரிகிறதா, காற்று வருகிறதா என்று பார்க்கிறார்கள். இதைப் பார்ப்பதில்லை.

கரைக்குக் கீழ்ப்புறம் என்றால் நீங்கள் இருப்பது பழைய ஆயக்கட்டு. அதாவது அந்த ஏரி பாய்ச்சிய வயலில் உங்கள் ஹால் இருக்கிறது. மதகிலிருந்து புறப்பட்ட பாசன வாய்க்கால் இப்போது யாருடைய கொல்லைப்புறச் சுவருக்கு அடியிலோ புதைந்து கிடக்கும். உங்கள் கிணற்றில் தண்ணீர் இருக்கும், சுவரில் ஓதமும் இருக்கும். ஏரி நிரம்பிய மாதங்களில் கரையின் அடிவாரத்தில் கசிவு தெரியும். அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்; மண் கரை கசியத்தான் செய்யும். கசியும் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் கண்காணித்தால் போதும். கலங்கலாக இருந்தால் கரையின் உள்ளிருந்து மண் அரித்து வருகிறது என்று அர்த்தம். நண்டு வளையோ எலி வளையோ உள்ளே குழாய் போல நீண்டுவிட்டது. அன்று இரவே சொல்லியாக வேண்டும். இந்த இடத்தில்தான் நல்லெண்ணம் உள்ளவர்கள் தவறு செய்கிறார்கள். வெளிப்புறத்தில் களிமண்ணை அப்பி அடைத்துவிடுவார்கள். தண்ணீர் வேறு இடத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். கசிவு கொப்பளிக்கும் இடத்தைச் சுற்றி மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி, உள்ளே மணலும் ஜல்லியும் போட வேண்டும். தண்ணீர் வரட்டும், மண் வரக் கூடாது. மீதியைப் பொறியாளர் வந்து பார்த்துக்கொள்வார்.

கரைக்கு மேல்புறம், அதாவது தண்ணீர் நிற்கும் பக்கம் என்றால் கதையே வேறு. ஏரி முழுக் கொள்ளளவுக்கு நிரம்பும்போது தண்ணீர் எதுவரை பரவும் என்பது கலிங்கின், அதாவது உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடத்தின், உயரத்தைப் பொறுத்தது. நாலைந்து வருடம் நிரம்பாமலே கிடக்கும், தரை காய்ந்து கிரிக்கெட் ஆடும் இடமாகிவிடும், மனை போட்டு விற்றுவிடுவார்கள். ஆறாவது வருடம் ஏரி தன் இடத்துக்குத் திரும்பி வரும். நிலத்தின் எல்லையைக் காட்டும் புலப்பட நகலும், அது எந்த வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடும் இணையத்திலேயே கிடைக்கின்றன. உங்கள் மனையைச் சுற்றியுள்ள சர்வே எண்களில் எவை ஏரிப் புறம்போக்கு, எவை வாய்க்கால் புறம்போக்கு என்று ஒரு மாலை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. வீடு கட்டிக் குடியேறிய பிறகு அதைப் படிப்பது நல்ல அனுபவமாக இருக்காது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். புதிதாக வருகிற எல்லாருக்கும் கரைமேல்தான் கண். நடைபாதை, சிமெண்ட் பெஞ்சு, பூச்செடி, செல்ஃபி எடுக்க ஒரு வளைவு. செய்யலாம், தவறில்லை. ஆனால் ஏரி சாவது கரையில் இல்லை, வரத்து வாய்க்காலில். பாருங்கள்: ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. அந்த உயரத்தில் விழுகிற மழை சில கிலோமீட்டருக்குள் அடிவாரத்துக்கு இறங்கிவிடுகிறது, செம்மண்ணையும் சருகையும் அள்ளிக்கொண்டு. வழியில் ஏரிகள் சங்கிலியாக இருக்கின்றன. அடிவாரத்தில் புது ஏரி நிரம்பினால்தான் கீழே மூக்கனேரிக்குத் தண்ணீர் வரும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கீழே இருப்பது குட்டையாகிவிடும், மேலே இருப்பது தெருவுக்குள் வந்துவிடும்.

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, 2024 டிசம்பர் முதல் தேதி இரவு. ஏற்காட்டில் அந்த ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோன மழை அது. எங்கள் சிறுபாலத்தில் இரவு பதினொன்றரைக்குத் தண்ணீர் ஏறத் தொடங்கியது. வாய்க்கால் அகலமாகத்தான் இருந்தது, புரட்டாசியில் தூர்வாரியிருந்தோம். இருந்தும் மூன்றாம் தெருவில் முழங்கால் தண்ணீர். டார்ச் அடித்துப் பார்த்தால் பாலத்தின் வாயில் என்னவோ வெள்ளையாக உப்பிக்கொண்டு நிற்கிறது. ஒரு கணம் ஏதோ மாடு என்றுதான் நினைத்தோம். பஞ்சு மெத்தை. இரட்டைக் கட்டில் மெத்தை. தண்ணீர் குடித்து யானைக் கனம் கனத்தது. கடப்பாரையைக் குத்தினால் பஞ்சுதான் வந்தது. கடைசியில் லாரி ஓட்டும் ஒரு தம்பி, "ஐயா, குத்தாதீர்கள், கிழிந்தால் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு, லாரிக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கி, மெத்தையின் இரண்டு மூலையிலும் முடிச்சுப் போட்டார். பதினோரு பேர் இழுத்தோம். வெளியே வந்தபோது எழுந்த சத்தம் இன்றும் காதில் இருக்கிறது, பெரிய சீசாவின் தக்கையைப் பிடுங்கியது போல. இருபது நிமிடத்தில் தெரு வடிந்தது. அது யார் வீட்டு மெத்தை என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த மாதத்திலிருந்து அந்த வீட்டுச் சந்தா முதல் தேதியே வந்துவிடுகிறது.

இந்த அனுபவத்துக்குப் பின் பாலத்துக்குப் பத்தடி முன்னால் இரும்புக் கம்பி வலை ஒன்று வைத்தோம். சாய்வாக வைக்க வேண்டும்; நேராக நிறுத்தினால் வலையே அணையாகிவிடும். மழைக்காலத்தில் அதை வாரம் இரண்டு தடவை வாரிச் சுத்தம் செய்ய ஓர் ஆளுக்குக் கூலி கொடுக்கிறோம். உங்கள் 200 ரூபாயில் ஒரு பங்கு இப்படிப்பட்ட வேலைக்குத்தான் போகும்.

வாய்க்காலில் மழைத் தண்ணீர் மட்டும் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. செப்டிக் டேங்க்கின் உபரிக் குழாயை மழைநீர் வடிகாலில் இணைத்திருக்கிறார்களே, அது வந்து சேரும் இடமும் ஏரிதான். சேலத்து நிலம் கடும்பாறை. மேலே கொஞ்சம் சிதைந்த மண், அதற்குக் கீழே பாறை வெடிப்பு. நிலத்தடி நீர் அந்த வெடிப்புகளில்தான் ஓடுகிறது. கழிவுநீரும் அதே வழியில் போகும். பக்கத்து வீட்டு டேங்க்குக்கும் உங்கள் போர்வெல்லுக்கும் நடுவில் மதில் இருக்கிறது என்று தைரியமாக இருக்க வேண்டாம். மூன்று வருடத்துக்கு ஒரு தடவையாவது உரிமம் உள்ள கழிவுநீர் லாரியை வரவழைத்து டேங்க்கைக் காலி செய்யுங்கள். எந்தக் காரணத்தைக் கொண்டும் ஆளை உள்ளே இறக்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். அதற்கும் மேலே, அது உயிர்.

கழிவுநீர் போகும் ஏரியில் ஆகாயத்தாமரை வராமல் இருக்காது. அதற்கு அது சோறு. இரண்டே வாரத்தில் இரண்டு மடங்காகிவிடும் செடி. வருடா வருடம் ஆள் விட்டு அள்ளிப் படம் எடுத்துக்கொள்வார்கள். அள்ளியதைக் கரையோரத்திலேயே குவித்துவிட்டுப் போவார்கள், மழை வந்ததும் மீண்டும் உள்ளே. சேற்றில் கிடக்கும் விதை பல வருடம் உயிரோடு இருக்கும். குழாயை நிறுத்தாமல் செடியை அள்ளுவது, ஓட்டைப் படகில் உட்கார்ந்து தண்ணீர் இறைப்பது மாதிரி. எங்கள் நகரில் 17 வீடுகளின் குழாய் வாய்க்காலில் இருந்தது. நோட்டீஸ் ஒட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பேராகப் போய், காப்பி குடித்து, பிள்ளை படிப்பெல்லாம் விசாரித்து, கடைசியில் குழாயைப் பற்றிப் பேசினோம். உறிஞ்சு குழி தோண்ட இடம் இல்லாத நான்கு வீடுகளுக்குச் சங்கமே பாதிச் செலவு ஏற்றது. ஒன்றரை வருடம் ஆயிற்று. 15 குழாய் போய்விட்டது. மீதி இரண்டில் ஒன்று என் சம்பந்தி வீடு, அதைப் பற்றி இங்கே எழுத முடியாது.

கொசுவைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் ஏரிக்குப் பக்கத்தில் வீடு என்றதும் உறவினர் எல்லாரும் கேட்பது அதுதான். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு ஏரியில் முட்டையிடுவதில்லை. அதற்கு வேண்டியது உங்கள் மொட்டை மாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க எட்டுப் பத்து நாள் போதும், அதனால்தான் வாரம் ஒரு தடவை கவிழ்த்துவிடச் சொல்கிறார்கள். ராத்திரியில் காதோரம் ரீங்காரமிடும் கியூலெக்ஸ் சாக்கடையில் வளருவது. மீன் உள்ள, அலையடிக்கிற, ஓரம் சுத்தமான ஏரியில் கொசு பெருகுவது கடினம். ஏரியைத் திட்டுகிற வீட்டில் முதலில் மாடி ஏறிப் பார்ப்பேன். பெரும்பாலும் ஏமாற மாட்டேன்.

மீன் என்றதும் இன்னொன்று. பல ஏரிகளில் மீன்பாசி குத்தகை இருக்கும். ஏலம் எடுத்தவருக்கு ஏரியில் தண்ணீர் குறையக் கூடாது. கரைக்குக் கீழே இருக்கிறவருக்கு மழைக்கு முன் மதகைத் திறந்து கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். இருவர் சொல்வதும் நியாயம். மதகுச் சாவி யாரிடம் என்பதில் எங்கள் ஊரில் ஒரு கல்யாணமே நின்றிருக்கும். குத்தகைதாரரைப் பகைக்காதீர்கள். விடியற்காலை நாலு மணிக்கு ஏரியில் இருக்கிற ஒரே மனிதர் அவர்தான். குப்பை லாரி வந்தால் முதலில் அவருக்குத்தான் தெரியும்.

நல்ல உதாரணம் பார்க்க வேண்டுமானால் வெகுதூரம் போக வேண்டாம், மூக்கனேரிக்கு ஒரு காலை நேரம் போய் வாருங்கள். 58 ஏக்கர். 2010-ல் பியூஷ் மானுஷ் முன்னின்ற சேலம் மக்கள் குழு அதை எடுத்துச் சீர் செய்தது. அவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது, தூர்வாரிய மண்ணை வெளியே கடத்தாமல் உள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தது. லாரிச் செலவு மிச்சம். திட்டுகளைச் சுற்றித் தண்ணீர் இருப்பதால் ஆடும் போகாது, ஆளும் போகாது, பறவை மட்டும் போகும். முக்குளிப்பான், நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாம் சாதாரணமாகக் கண்ணில் படும். இதற்கு நேர்மாறான பாடம் பனமரத்துப்பட்டி ஏரி. 1911-ல் கட்டியது, மேட்டூர்த் தண்ணீர் வருவதற்கு முன் சேலத்துக்கே குடிநீர் கொடுத்தது. தண்ணீர் வரத்து குறைந்ததும் சீமைக் கருவேலம் காடாக ஏறிவிட்டது.

மரம் நடுவதில் ஓர் எச்சரிக்கை. கரையின் உச்சியில் அரசு, ஆல் வைக்க வேண்டாம். மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, கரைக்குள் சுரங்கம் விட்டுப் போகும். பனை நல்லது, அதன் வேர் நார் நாராகப் பரவி மண்ணைப் பிடிக்கும். சரிவுக்கு வெட்டிவேர். நாவலும் புங்கனும் கரையைவிட்டுத் தள்ளித் தெருவோரம் இருக்கட்டும். நாவல் பழுக்கும் மாதத்தில் உங்கள் கார் கறுப்பாகும், அதற்கு நான் பொறுப்பில்லை.

குப்பை விஷயத்தில் எங்கள் தோல்வியைச் சொல்கிறேன். கரையின் தெற்கு முனையில் தினம் இரவு கோழிக் கழிவு மூட்டை விழும். காலையில் நாய்கள் பிய்த்து நடைபாதை முழுவதும் இறகு. சுவரில் சாமி படம் ஒட்டினார்கள். மூட்டை பிள்ளையாருக்கு நேர் கீழே விழுந்தது. கேமரா வைத்தோம், கேமரா காணாமல் போயிற்று. பிறகு எங்கள் மகளிர் குழு அக்கா ஒருவர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் ஏழு கறிக்கடைக்கும் போய், சண்டை போடாமல், "இரவு பத்து மணிக்கு மேல் கழிவை எங்கே கொண்டுபோவீர்கள்?" என்று மட்டும் கேட்டார். கழிவு எடுக்கும் வண்டி காலையில்தான் வருகிறது, கடை மூடுவது இரவு. அவ்வளவுதான் விஷயம். வண்டி நேரத்தை மாற்றச் சொல்லி கடைக்காரர்களோடு சேர்ந்தே மனு கொடுத்தோம். முனையில் ஒரு விளக்கும் போட்டோம். நின்றது. முழுதாக இல்லை, ஞாயிற்றுக்கிழமை இரவு மட்டும் இன்னும் ஒன்றிரண்டு விழுகிறது.

சங்கத்தைப் பற்றி நீங்கள் சரிபார்க்க வேண்டியது ஒன்றுதான். 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்ததா, ஆண்டுக் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு ஒழுங்காகப் போகிறதா என்று கேளுங்கள். ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்துவிடலாம். பத்தாம் வருடம் அதை உயிரோடு வைத்திருப்பதுதான் பாடு. பதிவு காலாவதியான சங்கத்தின் கடிதத்தைத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் தனி மனிதர் மனுவாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஏரிக்குள்ளோ வாய்க்காலிலோ ஜேசிபி இறக்குவதற்கு முன் எழுத்தில் அனுமதி வாங்குவதும் முக்கியம். நல்ல காரியம்தானே என்று இறங்கி, மண் திருடியதாக வழக்கு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். எங்களுடைய 140 வீடுகளில் மாதா மாதம் கட்டுவது 90 சொச்சம். கட்டாதவர்கள் பெயரைப் பலகையில் எழுதலாம் என்று ஒரு வருடம் முடிவெடுத்தோம். பலகை வைத்த அன்றே பிளவு. இப்போது வரவு செலவை மட்டும் கோவில் சுவரில் ஒட்டுகிறோம், யார் கட்டவில்லை என்பதை அவரவரே பார்த்துக்கொள்கிறார்கள்.

கடைசியாக நேரம். வேலைக்குப் போகிறவர்களிடம் நாங்கள் கேட்பது வருடத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை. ஒன்று விநாயகர் சதுர்த்தி முடிந்த வாரம். கரைத்த சிலைகளின் கம்பு, வைக்கோல், துணி, மாலை எல்லாவற்றையும் தண்ணீரிலிருந்து எடுக்க. இன்னொன்று புரட்டாசிக் கடைசியில், ஐப்பசி மழைக்கு முன். மலையடிவாரத்திலிருந்து கலிங்கு வரை வாய்க்கால் ஓரமாக நடந்து, எங்கே சரிந்திருக்கிறது, எங்கே யார் மதிலை அரையடி நகர்த்தியிருக்கிறார்கள் என்று குறித்து வர. மூன்று கிலோமீட்டர் இருக்கும். காலை ஆறு மணிக்குக் கிளம்புவோம். கையுறை சங்கம் தரும், செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள், முள் அதிகம். எட்டரைக்குச் செயலாளர் வீட்டில் இட்லி.